மீன் மாதிரி, ஆனா மீன் இல்லைங்க

டிஸ்கி: இது டைனோசர் பதிவு இல்லை. டைனோசர்னு நெனச்சு உள்ளே வந்தவங்க கோவிச்சுக்காதீங்க. வந்தது வந்துட்டீங்க, ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே இதையும் படிச்சுட்டுப் போங்க.

சுறா ஒரு மீன். சூரையும் மீன்தான், ஆனா சுறாவுக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம். டால்பின் மீனே கிடையாது, நம்மளை மாதிரி குட்டி போட்டுப் பால் குடுக்குற பிராணி. ஆனா மூணையும் வரிசையா வச்சா, தள்ளி நின்னு பார்க்கிறவனுக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். கூரான மூக்கு, நடுவுல பருத்து ரெண்டு பக்கமும் ஒடுங்குற உடம்பு, முதுகுல ஒரு துடுப்பு, பின்னால பிறை மாதிரி வால். பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. தண்ணி காத்தை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. அதைக் கிழிச்சுக்கிட்டு வேகமா போகணும்னா இயற்கை கையில இருக்குற அச்சு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அந்த அச்சுல வார்த்த இன்னொரு ஆள்தான் இக்தியோசர். கிரேக்க மொழியில 'மீன் பல்லி'ன்னு அர்த்தம். நிலத்துல நடந்துக்கிட்டிருந்த ஊர்வன வம்சம் ஒண்ணு கடலுக்குத் திரும்பிப் போய், காலெல்லாம் துடுப்பாகி, மீன் உருவத்துக்கு வந்துடுச்சு. மூச்சு மட்டும் நுரையீரல்லதான், மேல வந்துதான் இழுக்கணும். சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னால ஆரம்பிச்சு, 9.4 கோடி வருஷத்துக்கு முன்னால முடிஞ்சுபோச்சு.

குழந்தைங்க புத்தகங்கள்ல இதுக்கு ஒரு வரி, ஒரு படம். "டால்பின் போன்ற தோற்றமுடைய அழிந்துபோன ஊர்வன." அவ்வளவுதான். அடுத்த பக்கம் திருப்பினா டைனோசர் வந்துடும். இந்த ஒரு வரி மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. 15 கோடி வருஷத்துக்கு மேல கடலை ஆண்ட கூட்டம், நூத்துக்கும் மேற்பட்ட இனங்கள், ஒரு வரியா? நம்ம மனுஷ இனம் பொறந்தே 3 லட்சம் வருஷம்தான் ஆகுது சாமி.

உலகத்துக்கு இது தெரியவந்த கதையே தனி. இங்கிலாந்தோட தென்கரையில லைம் ரீஜிஸ்னு ஒரு ஊர். 1811-ல ஜோசப் ஆனிங்ங்கிற பையன் கடற்கரைப் பாறையில ஒரு பெரிய மண்டை ஓட்டைப் பார்க்கிறான். அடுத்த வருஷம் அவன் தங்கச்சி மேரி ஆனிங், அப்ப அவளுக்கு 12, 13 வயசு இருக்கும், மிச்ச உடம்பைக் கண்டுபிடிக்கிறா. அப்பா இல்லாத வீடு, கடன் வேற. 23 பவுனுக்கு வித்தாங்க. வாங்கினவங்களுக்கும் படிச்சவங்களுக்கும் இது என்ன பிராணின்னு பிடிபடலை. எவரார்ட் ஹோம்ங்கிற டாக்டர் 1814-ல இருந்து கட்டுரை மேல கட்டுரையா எழுதினார். கொஞ்ச நாள் மீன் பக்கம் சாய்வார், அப்புறம் வேற பக்கம் சாய்வார். கடைசியா 1819-ல புரோட்டியோசரஸ்னு பேர் வச்சார். ஆனா 1817-லயே கோனிக்ங்கிறவர் வச்ச இக்தியோசரஸ் முந்திக்கிச்சு. வாழ்நாள் முழுக்க எலும்பு தோண்டிக் குடுத்த மேரியை, பொம்பளைங்கிற ஒரே காரணத்தால நிலவியல் சங்கத்துல உறுப்பினரா சேர்க்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கம்பெனி என்னைக் கொஞ்ச நாள் ஆணி புடுங்க ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பி வச்சது. ஞாயித்துக்கிழமைன்னா அங்க கடை கண்ணி எதுவும் திறக்காது. ரூம்ல உக்காந்து எத்தனை தடவைதான் ரசம் வைக்கிறது? கூட இருந்த மதுரைக்கார நண்பனை இழுத்துக்கிட்டு ஹோல்ட்ஸ்மாடன் கிளம்பிட்டேன். பக்கத்துலதான், ரயில், அப்புறம் பஸ். சின்ன கிராமம். ஆனா ஃபாசில் பைத்தியங்களுக்கு அது காசி.

அங்க இருக்கிறது கரும்பலகை மாதிரி அடுக்கடுக்கா உரியுற கருப்புக் கல். 18 கோடி வருஷத்துக்கு முன்னால கடலடியில படிஞ்ச சேறு. அடியில பிராணவாயு இல்லாததால, செத்து விழுந்ததைத் தின்னுறதுக்கோ கலைக்கிறதுக்கோ ஆள் இல்லை. எலும்பு மட்டும் இல்லை, சில உடம்புகள்ல தோலோட நிழல்கூட அப்படியே கல்லுல பதிஞ்சிருக்கு. 1892-ல பெர்ன்ஹார்ட் ஹாஃப் ஒண்ணைச் சுத்தம் பண்ணினப்பதான் முதுகுத் துடுப்பும் பிறை வாலும் முழுசா தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி எலும்பை மட்டும் வச்சு யூகம் பண்ணினவங்க என்ன செஞ்சாங்கன்னு பார்க்கணும்னா லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்குப் போங்க. 1854-ல செஞ்ச சிமெண்ட்டு இக்தியோசர்கள் முதலை மாதிரி கரையேறிப் படுத்திருக்கும், வால் நேரா இருக்கும். பாவம், முதுகெலும்பு வால்கிட்ட கீழ்ப்பக்கமா மடங்குறதுதான் அந்தப் பிறை வாலுக்கு ஆதாரம்னு அவங்களுக்குத் தெரியலை.

மியூசியத்துல ஒரு தாய் இருக்கு. வயித்துக்குள்ள குட்டிகளோட எலும்பு, ஊசி ஊசியா. முட்டை இல்லை, குட்டிதான். நான் அந்தக் கல்லு முன்னாடியே கால் மணி நேரம் நின்னுட்டேன். நம்ம மதுரைக்காரன் அதுக்குள்ள மொத்த ஹாலையும் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து சொன்னான்: "ஏன் மாப்ள, எல்லாம் ஒரே மீனாத்தானே இருக்கு? ஒண்ணு பார்த்தா போதாதா?"

அவன் சொன்னது தப்பும் இல்லை, சரியும் இல்லை. அந்த மியூசியத்துல இருக்குறது கதையோட நடுப்பக்கம் மட்டும்தான். அவனுக்கு திரும்பி வர்ற வழி முழுக்க முதல் பக்கத்துல இருந்து சொல்லிக்கிட்டே வந்தேன். அவன் பாதி தூங்கிட்டான். நீங்க தூங்கமாட்டீங்கன்னு ஒரு நம்பிக்கை :-)

முதல் பக்கம் சீனாவுல, அன்ஹூய் மாகாணத்துல. 2014-ல அறிவிச்ச கார்டோரிங்கஸ்னு ஒரு சின்ன ஆள். 24.8 கோடி வருஷப் பழசு. நீளம் சுமார் 40 செ.மீ. மூக்கு நீளமே இல்லை, சப்பை. முன்துடுப்பு பெருசா, மணிக்கட்டுல வளையுற மாதிரி இருக்கு. கடல்நாய் மாதிரி கரையில தவழ்ந்திருக்கும்னு சொல்றாங்க. பல்லே இல்லைன்னுதான் முதல்ல எழுதினாங்க. 2020-ல ஸ்கேன் பண்ணிப் பார்த்தா, வாய்க்கு உள்பக்கமா கூழாங்கல் மாதிரி உருண்டைப் பல்லுங்க வரிசையா இருந்துச்சு. சிப்பி, நத்தை உடைக்கிற பல்லு. இதை டால்பின் மாதிரின்னு யாராவது சொன்னா டால்பின் கேஸ் போட்டுடும்.

அதே மாகாணத்துலயே சாவோஹூசரஸ்னு இன்னொண்ணு. பிரசவத்தப்பவே செத்துப்போன ஒரு தாய், குட்டியோட தலை முதல்ல வெளிய வர்ற நிலைமையில கல்லாகி இருக்கு. ஹோல்ட்ஸ்மாடன் தாய்கள் பெரும்பாலும் வால் முதல்ல வர்ற மாதிரி பெத்தவை. தலை முதல்ல வர்றது நிலத்துல வாழ்ந்தப்ப இருந்த பழக்கம், கடலுக்குப் போன புதுசுல இன்னும் விடலைன்னு 2014 ஆய்வு சொல்லுச்சு. ஊரை விட்டு வந்தாலும் பழக்கம் உடனே போயிடுதா என்ன?

இப்ப நெவாடாவுக்கு வாங்க. அமெரிக்கப் பாலைவனம், அப்ப கடல். 24.6 கோடி வருஷத்துக்கு முன்னால, அதாவது அந்த 40 செ.மீ. ஆளுக்கு அப்புறம் வெறும் 20 லட்சம் வருஷத்துல, அங்க சிம்போஸ்பாண்டிலஸ் யங்கோரம் நீந்திக்கிட்டிருக்கு. மண்டை ஓடு மட்டும் கிட்டத்தட்ட 2 மீட்டர். மொத்த நீளம் 17 மீட்டருக்கு மேலன்னு 2021-ல கணக்குப் போட்டாங்க. திமிங்கலங்களுக்கு நிலத்துல இருந்து கடலுக்குப் போய் இப்ப இருக்குற ராட்சச அளவு வர்றதுக்கு ஏறத்தாழ 5 கோடி வருஷம் பிடிச்சது. இவங்களுக்குக் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள வந்துடுச்சு.

அதுவும் எப்போ? 25.2 கோடி வருஷத்துக்கு முன்னால பூமி வரலாற்றுலயே பெரிய பேரழிவு நடந்து, கடல் உயிரினங்கள்ல பெரும்பகுதி ஒழிஞ்சுபோன பிறகு. கடல் காலி மனை மாதிரி கிடந்தது. வந்தவங்க ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கரையோரத்துல சிப்பி உடைக்கிறவன், விலாங்கு மாதிரி நெளிஞ்சு போறவன், கணவாய் பிடிக்கிறவன், தலட்டோஆர்கான் மாதிரி தன் அளவு ஆளையே கத்திப் பல்லால வெட்டித் திங்கிறவன்னு. சீனாவோட குய்சோவுல கிடைச்ச ஒண்ணு, சுமார் 5 மீட்டர் நீளம். அதோட வயித்துக்குள்ள, 4 மீட்டர் இருந்திருக்க வேண்டிய இன்னொரு கடல் ஊர்வனவோட நடு உடம்பு! இதோட பல்லு வெட்டுற பல்லே இல்லை, மொக்கைப் பல்லு. நம்ம பதிவு மாதிரி. அந்தப் பல்லை வச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய விருந்து சாப்பிடும்னு 2020 வரைக்கும் யாரும் யூகிக்கலை.

ராட்சசங்க வரிசை அதோட நிக்கலை. நெவாடாவுல பெர்லின்ங்கிற, சுரங்கம் மூடிப் பாழான ஊர் பக்கத்துல ஷோனிசரஸ்னு 15 மீட்டர் ஆளுங்க கும்பலா கிடைச்சாங்க. 1954-ல இருந்து சார்லஸ் கேம்ப் தோண்டினார். ஏன் எல்லாம் ஒரே இடத்துல செத்துதுங்கன்னு பல கதை ஓடுச்சு. 2022-ல வந்த ஆய்வு, அங்க இருக்கிறது பெரியவங்களும் பிறக்காத, பிறந்த குட்டிகளும் மட்டும்தான், நடு வயசு ஆளே இல்லைன்னு கவனிச்சு, அது தலைமுறை தலைமுறையா பிரசவத்துக்கு வந்த இடமா இருக்கணும்னு சொல்லுது. நம்ம ஊர்ல தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வர்ற மாதிரி.

அப்புறம் இக்தியோடைட்டன். இங்கிலாந்தோட சாமர்செட் கடற்கரையில 2020-ல ஒரு அப்பாவும் 11 வயசுப் பொண்ணும் பொறுக்கிச் சேர்த்த துண்டுங்க. ஒட்டிப் பார்த்தா கீழ்த்தாடையில ஒரே ஒரு எலும்பு, 2 மீட்டருக்கு மேல. முழு உடம்பு 25 மீட்டர் அளவுக்கு இருக்கலாம்னு 2024-ல எழுதினாங்க. ரெண்டு டவுன் பஸ்ஸை ஒண்ணு பின்னால ஒண்ணு நிறுத்தினா வர்ற நீளம்ங்க! 20.2 கோடி வருஷத்துக்கு முன்னால வாழ்ந்தது.

அதுக்கு அப்புறம் 10 லட்சம் வருஷம்தான். ட்ரையாசிக் முடிவுல இன்னொரு பேரழிவு. ராட்சசங்க ஒருத்தர்கூட மிஞ்சலை. கரையோரத்து ஆளுங்களும் அதுக்கு முன்னாலயே போய்ட்டாங்க. ஊர்த் திருவிழாவுல இருந்த அத்தனை கூட்டத்துல ஒரே ஒரு குடும்பம் மட்டும் வீடு வந்து சேர்ந்த மாதிரி, மீன் உருவம் முழுசா வந்திருந்த ஒரே கிளை மட்டும் தப்பிச்சது. ஜுராசிக், கிரெட்டேசியஸ் கால இக்தியோசர் எல்லாமே அந்த ஒரு குடும்பத்து வாரிசுதான். நம்ம மதுரைக்காரன் பார்த்தது இவங்களைத்தான். "ஒரே மீனா" தெரிஞ்சதுல ஆச்சரியம் இல்லை.

அதுக்காக அவங்க சோடை போகலை. டெம்னோடான்டோசரஸ் கண்ணு 26 செ.மீ. விட்டம். ஃபுட்பாலை விடப் பெரிசு. நீலத்திமிங்கலத்துக்கே 15 செ.மீ.தான். அந்தக் கண்ணைச் சுத்தி எலும்பு வளையம் இருக்கறதால அளவு துல்லியமா தெரியுது. அதோட முன்துடுப்பு ஒண்ணு, தோல் பதிவோட, 2025-ல விவரமா வெளிவந்தது. துடுப்போட பின் விளிம்பு ரம்பம் மாதிரி. ஆந்தை இறகு மாதிரி சத்தத்தைக் குறைக்கிற ஏற்பாடுன்னு சொல்றாங்க. இருட்டுல, பெரிய கண்ணோட, சத்தமில்லாம வர்ற ஒரு 8, 9 மீட்டர் உருவம். நெனச்சாலே வயித்தைக் கலக்குது. யூரைனோசரஸுக்கு மேல்தாடை கீழ்த்தாடையை விட ரெண்டு மடங்கு, வாள்மீன் மாதிரி. ஸ்டெனோப்டெரிஜியஸ் ஒண்ணோட தோலை 2018-ல ஆராய்ஞ்சப்ப அடியில கொழுப்புப் படலம் இருந்தது தெரிஞ்சது. திமிங்கலத்துக்கு இருக்கே, அதே சமாச்சாரம். துடுப்புக்குள்ள விரலெலும்புங்க சோளக்கதிர் மாதிரி அடுக்கி, ஒரே விரல்ல 20-க்கும் மேல. சிலதுக்கு விரல் வரிசையே எட்டு, பத்து.

ஆனா உருவத்தை அளந்து கணக்குப் பார்த்தவங்க 2020-ல சொன்னது, இக்தியோசர் உருவங்களோட பரப்பு அந்த ஆரம்ப கால அளவுக்குத் திரும்ப வரவே இல்லை. புதுசு புதுசா மாறுற வேகமும் அப்பதான் உச்சம். அப்புறம் இருந்ததைத் தீட்டிக்கிட்டே இருந்தாங்க.

என் பொண்ணு கேட்டா, "அப்போ விண்கல் விழுந்து செத்துப்போச்சாப்பா?" விண்கல் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால. இக்தியோசர் அதுக்கு 2.8 கோடி வருஷம் முன்னாடியே காலி. "மோசாசர் வந்து தின்னுடுச்சா?" அதுவும் இல்லைடா கண்ணு, மோசாசர் பெரிய ஆளானதே இவங்க இடத்தைக் காலி பண்ணின பிறகுதான். கடைசி காலத்துல ஒண்ணு ரெண்டு இனம்தான் தட்டுத் தடுமாறி இருந்துச்சுன்னு முன்னெல்லாம் எழுதுவாங்க. கிரெட்டேசியஸ்ல எது கிடைச்சாலும் பிளாட்டிப்டெரிஜியஸ்ங்கிற ஒரே மூட்டையில போட்டுக் கட்டி வச்சதால வந்த தோற்றம் அது. மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தா பல வகை இருந்துச்சு. ஈராக்குல கழுதைப் பாதையில மிதிகல்லா கிடந்த ஒரு பலகையில இருந்த மலாவானியாவை 2013-ல விவரிச்சப்ப, அது எப்பவோ முடிஞ்சதா நெனச்ச பழைய ஜுராசிக் கிளையோட பிள்ளைன்னு தெரிஞ்சது.

பின்ன ஏன் போச்சு? வாலன்டின் ஃபிஷர் குழு 2016-ல சொன்ன பதில் எனக்கு மனசுல தைச்சது. கிரெட்டேசியஸ் தொடக்கத்துல வகைகள் நிறையவே இருந்தது. ஆனா புது இனம் பிறக்கிற வேகம் குறைஞ்சுபோச்சு, உருவம் மாறுற வேகமும் குறைஞ்சுபோச்சு. அந்த நேரம் பார்த்து கடலோட வெப்பமும் மட்டமும் ஏறி இறங்கி ஆட்டம் போட்டுச்சு. சினோமேனியன்னு ஒரு காலகட்டம், 10 கோடியில இருந்து 9.4 கோடி வரைக்கும். அதோட தொடக்கத்துல ஒரு அடி விழுந்து விதவிதமா வேட்டையாடினவங்க குறைஞ்சாங்க. முடிவுல ரெண்டாவது அடி. கதை முடிஞ்சது.

இப்பதான் எங்க ஊர் வருது. நான் பெரம்பலூர்க்காரன். காரை பக்கம் போயிருக்கீங்களா? மழை அரிச்ச சிவப்பு, பழுப்பு மண்மேடுங்க, சந்திரன்ல இறங்கின மாதிரி இருக்கும். அந்த மண்ணு கிரெட்டேசியஸ் கடலடி. அப்ப இந்தியா தெற்கு அரைக்கோளத்துல மடகாஸ்கரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஊட்டத்தூர்ப் பாறைத் தொகுதியில கிடைச்ச சில முள்ளெலும்புகளை வச்சு ரிச்சர்ட் லைடெக்கர் 1879-லயே 'இக்தியோசரஸ் இண்டிகஸ்'னு பேர் வச்சுட்டார். கேரம் ஸ்டிரைக்கரை ரெண்டு பக்கமும் குழிச்ச மாதிரி எலும்பு. 2011-ல வந்த ஆய்வுல காரைப் படிவங்கள்ல இருந்து சுறாப் பல்லுகளோட இக்தியோசர் பல்லும் சேர்ந்தது. காலம்? சினோமேனியன் தொடக்கம். ஆமாங்க, அந்த முதல் அடி விழுந்த அதே காலகட்டம். உலகத்துல கடைசியா மிச்சமிருந்த இக்தியோசர்கள்ல ஒரு பங்கு, இன்னிக்கு நாம வேலிக்காத்தான் முள்ளு குத்துதேன்னு நடக்கிற இடத்துல நீந்திக்கிட்டிருந்துச்சு.

எங்க ஊர்ல இது எத்தனை பேருக்குத் தெரியும்? 2020-ல குன்னம் பக்கம் உருண்டைக் கல்லுங்க கிடைச்சப்ப "டைனோசர் முட்டை"ன்னு ஊரே திரண்டுச்சு. நிபுணர்கள் அம்மோனைட்டைச் சுத்தி உருண்ட கல்லுன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. இல்லாத டைனோசர் முட்டைக்குக் கிடைச்ச கூட்டத்துல பத்துல ஒரு பங்கு, இருந்த இக்தியோசருக்குக் கிடைச்சா நான் சந்தோஷப்படுவேன்.

இன்னொரு வயித்தெரிச்சல். லீவு நாள்ல காரைக்கு வண்டி கட்டிக்கிட்டு வர்றவங்க பை பையா பொறுக்கிட்டுப் போறாங்க. ஒரு பல்லு எந்த அடுக்குல இருந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தான் அது முதல் அடிக்கு முன்னாடியா பின்னாடியான்னு சொல்ல முடியும். ஷோகேஸுக்குப் போயிட்டா அது அழகான கல்லு, அவ்வளவுதான்.

அதனால அந்தப் பக்கம் போற பதிவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கூம்பு வடிவத்துல, நீளவாக்குல வரி ஓடுற ஒரு பல்லு, வேர்ப்பகுதி உருண்டையா இல்லாம சதுரம் மாதிரி இருந்தா, எடுக்காதீங்க. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வச்சுப் படம் எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கோங்க, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ சொல்லுங்க. நாணயத்தை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டு வந்துடுங்க.